இறந்தவரிடமே ஓடிபி கேட்டார்கள்

அப்பா இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவருடைய ஃபோன் அவர் வைத்த இடத்திலேயே, மேசை மேல் சார்ஜரில் கிடந்தது. அதை எடுத்து வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு நாள் காலையில் அது ஒலித்தது. பூட்டிய திரையில் ஒரு செய்தி: உங்கள் கிளவுட் சேமிப்புச் சந்தா இந்த மாதத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது, எங்களோடு தொடர்வதற்கு நன்றி.

அம்மா அதைப் படித்துவிட்டு, "இவங்களுக்குச் சொல்லணுமேடி" என்றார். அவ்வளவுதான் வேலை என்று அன்றைக்கு நானும் நினைத்தேன். ஒரு ஃபோன் போட்டு, இறப்புச் சான்றிதழை அனுப்பினால் முடிந்துவிடும் என்று. முடிய ஏழு மாதம் ஆனது. இந்த வேலை எல்லார் வீட்டுக்கும் ஒருநாள் வரும் என்பதால், நாங்கள் செய்த தவறுகளையும் சேர்த்து நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஃபோன். அப்பா விரல் ரேகை வைத்துத்தான் திறப்பார். பின் நம்பர் என்னவென்று எங்கள் யாருக்கும் தெரியாது. ஆறு இலக்கம் என்றால் பத்து லட்சம் வாய்ப்பு. பிறந்த தேதி, கல்யாண நாள், பழைய வண்டி எண் என்று ஐந்து முறை முயன்றோம். ஐந்தாவதுக்குப் பிறகு ஃபோன் எங்களைக் காத்திருக்கச் சொன்னது. பத்து முறை தவறினால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும்படி சில ஃபோன்களில் அமைத்துக்கொள்ள முடியும். அப்பா அப்படி அமைத்திருந்தாரா என்று கேட்க ஆள் இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டோம்.

ஒரு ராத்திரி மின்சாரம் போய், சார்ஜ் தீர்ந்து ஃபோன் அணைந்துவிட்டது. மறுபடி போட்டபோது இன்னொன்று நடந்தது. அதுவரை யாராவது கூப்பிட்டால் திரையில் பெயர் வந்துகொண்டிருந்தது. இப்போது வெறும் எண் மட்டும் வந்தது. அணைத்துப் போட்ட ஃபோனில் முதல் முறை பின் நம்பரைத் தரும்வரை உள்ளே இருக்கும் தகவல்கள் சங்கேதமாகப் பூட்டியே கிடக்கும், தொடர்புப் பட்டியல் உட்பட. தொழில்நுட்பக் காரணம் பிறகுதான் புரிந்தது. அன்றைக்கு அம்மாவுக்குப் புரிந்தது ஒன்றுதான்: அப்பாவுக்குத் தெரிந்தவர்களின் பெயரெல்லாம் போய்விட்டது. விஷயம் தெரியாமல் அவருடைய பழைய நண்பர்கள் கூப்பிட்டபோது, யார் என்று தெரியாமலே எடுத்து, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னோம்.

பழுது பார்க்கும் கடைகள் மூன்றில் கேட்டேன். மூன்றிலும் ஒரே பதில்: "அழிச்சுக் குடுக்கலாம், திறந்து குடுக்க முடியாது." இதில் எனக்குக் கோபம் இல்லை. திருடன் கையில் சிக்கினாலும் அதே பூட்டுதான் காப்பாற்றும். பூட்டு வலுவாக இருப்பது நல்லதுதான். கோபம் வந்தது அதற்கப்புறம்.

பெரிய தவறு மூன்றாவது வாரத்தில் நடந்தது. தம்பி, "அந்த நம்பர்ல இனி யார் பேசப் போறாங்க, மாசாமாசம் எதுக்குக் கட்டணும்" என்று கேட்டான். நியாயமாகத்தான் பட்டது. ஃபோன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனோம். ஒரு படிவம், இறப்புச் சான்றிதழின் நகல், பத்து நிமிடம். வீட்டுக்கு வருவதற்குள் சிம் செத்துவிட்டது. இந்த ஏழு மாதத்தில் எங்களுக்கு ஒரே நாளில் முடிந்த வேலை அது ஒன்றுதான், செய்திருக்கவே கூடாத வேலையும் அதுதான்.

அடுத்த வாரம் அம்மா ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கண்டுபிடித்தார். கடைசிப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் மின்னஞ்சல் கடவுச்சொல் இருந்தது. கை நடுங்கத் தட்டச்சு செய்தேன். சரியாக இருந்தது. உடனே அடுத்த திரை வந்தது: இது நீங்கள்தானா என்று உறுதிசெய்ய, இன்ன எண்ணில் முடியும் கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம். நாங்கள் நாலு நாளைக்கு முன்னால் நிறுத்திய அதே எண்.

அப்போதுதான் எல்லாம் எப்படி ஒன்றோடொன்று கோர்த்திருக்கிறது என்று உறைத்தது. சந்தாக்களை நிறுத்த மின்னஞ்சல் வேண்டும். மின்னஞ்சலைத் திறக்க ஓடிபி வேண்டும். ஓடிபிக்கு சிம் வேண்டும். ஒரு மனிதரின் இத்தனை வருட வாழ்க்கையும் நகத்தளவு அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நாங்களே போய் அறுத்துவிட்டு வந்திருக்கிறோம். அப்பாவுடைய சிம்முக்குத் தனிப் பூட்டு கிடையாது. அதை எடுத்து அம்மாவின் பழைய ஃபோனில் போட்டிருந்தாலே ஓடிபி அங்கே வந்திருக்கும்.

இரண்டாவது தவறும் கிட்டத்தட்ட அதே சமயத்தில். வங்கிக்குச் சொன்னோம். சட்டப்படி சொல்ல வேண்டியதுதான், வங்கியும் முறைப்படி கணக்கையும் கார்டையும் முடக்கியது. ஆனால் கிளவுட் சேமிப்புக்கு அந்த கார்டிலிருந்துதான் பணம் போய்க்கொண்டிருந்தது. பணம் போகாவிட்டால் என்ன ஆகும் என்று அந்தச் சேவையின் நிபந்தனைகளைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: சேமிப்பு அளவு குறைக்கப்படும், கூடுதலாக உள்ள கோப்புகளை இழக்க நேரிடலாம். நிறுத்தத் துடித்த சந்தாவை, உள்ளே இருப்பது அழியாமல் இருக்க இப்போது நாங்களே உயிரோடு வைத்திருக்க வேண்டிய நிலை.

உள்ளே அப்படி என்ன இருந்தது என்று கேட்கலாம். படங்கள் இருந்தன. வேறொன்றும் இருந்தது. வீட்டில் நடந்த ஒவ்வொரு பழுதையும் அப்பா படம் எடுத்து, கீழே குறிப்பு எழுதி வைப்பார். எந்த வால்வை மூடினால் எந்தக் குழாய் நிற்கும், சுவருக்குள் ஒயர் எந்தப் பக்கம் போகிறது, தண்ணீர் மோட்டாரைக் கடைசியாக யார் பிரித்தது, எல்லாம் அந்தக் குறிப்புகளில் இருந்தன. குளியலறைக் குழாய் உடைந்து தண்ணீர் பீறிட்டபோது அம்மா ஒவ்வொரு வால்வாகத் திருகிக்கொண்டு நின்றார். பதில் அந்தப் பூட்டிய ஃபோனில், மூன்றடி தூரத்தில் இருந்தது.

வாடிக்கையாளர் சேவையைத் தொடர்புகொண்டேன். முதலில் பேசியது தானியங்கி. "கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டார்" என்று எழுதினேன். வருத்தம் தெரிவித்தது. அடுத்த வரியிலேயே, தொடர்வதற்குப் பதிவு செய்த எண்ணுக்கு வந்த ஓடிபியை உள்ளிடச் சொன்னது. வேறு வார்த்தைகளில் எழுதிப் பார்த்தேன். எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கட்டத்தில்தான் கொண்டு வந்து நிறுத்தியது.

நாலாவது நாள் ஒரு மனிதக் குரல் கிடைத்தது. சின்னப் பையன் போல இருந்தது.

"அக்கவுண்ட் ஹோல்டர்கிட்ட ஒரு நிமிஷம் ஃபோனைக் குடுங்க மேடம், அவர் சரின்னு சொன்னாப் போதும்."

"தம்பி, இப்பத்தான் சொன்னேன். அவர் இறந்துட்டார்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சாரி மேடம். எனக்குப் புரியுது. ஆனா அவரோட வெரிஃபிகேஷன் முடிஞ்சாத்தான் எனக்கு அடுத்த பக்கமே திறக்கும். என்கிட்ட வேற பட்டன் இல்ல."

அந்தப் பையன் மேல் தப்பில்லை. அவனிடம் உண்மையிலேயே வேறு பட்டன் இல்லை. அவனுக்கு அந்தப் பக்கத்தை வடிவமைத்துக் கொடுத்தவர்களிடம்தான் எனக்குக் கேள்வி. சேமிப்பு அளவைக் கூட்ட ஒரே தட்டல் போதும். கார்டு காலாவதியானால் நினைவூட்ட வழி செய்திருக்கிறார்கள். பிறந்த நாளுக்கு வாழ்த்து அனுப்பவும் வழி செய்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் ஒருநாள் இறப்பார் என்பது அவர்களுக்குத் தெரியாத செய்தியா? பணம் எடுக்கும்போது ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கணினி கேட்கவில்லை. நிறுத்தச் சொன்னால்தான் அவரே வந்து சொல்ல வேண்டும் என்கிறது. அன்றைக்கு ராத்திரி இதை நினைத்துத் தூக்கம் வரவில்லை. இன்னமும் எனக்கு ஆறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட ஒரு ஆறுதல் கிடைத்தது, நாங்கள் மட்டும் இல்லை என்று. 2012இல் பெர்லினில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி ரயில் மோதி இறந்தாள். விபத்தா தற்கொலையா என்று தெரியாமல் தவித்த பெற்றோர், அவளுடைய ஃபேஸ்புக் கணக்கைப் பார்க்க அனுமதி கேட்டு வழக்குப் போட்டார்கள். கடிதங்களும் நாட்குறிப்புகளும் வாரிசுகளுக்குப் போவது போலவே இந்தக் கணக்கும் போகும் என்று ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2018 ஜூலை 12 அன்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகும் முடியவில்லை. நிறுவனம் ஒரு யுஎஸ்பி குச்சியில் 14,000 பக்கத்துக்கு மேற்பட்ட பிடிஎஃப் கோப்பைக் கொடுத்தது. இது போதாது, மகள் பார்த்தது போலவே கணக்கைப் பார்க்க வழி செய்ய வேண்டும் என்று 2020இல் அதே நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. மகளை இழந்தவர்கள் எட்டு வருடம் அலைந்திருக்கிறார்கள்.

மற்ற இடங்களில் ஆளுக்கொரு விதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறை உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான். இறந்தவர்களின் தரவை அந்தந்த நாடே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறது. தன் தரவை என்ன செய்ய வேண்டும் என்று இறப்பதற்கு முன்பே எழுதி வைக்கும் உரிமையை பிரான்ஸ் 2016இல் சட்டமாக்கியது. இந்தியாவில் 2023இல் இயற்றிய தனிநபர் தரவுச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, தனக்குப் பிறகு தன் உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம் என்கிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் 2015இல் எழுதப்பட்ட ஒரு மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றுகின்றன. அதில் ஒரு வரிசை உண்டு. இறந்தவர் அந்தச் சேவைக்குள்ளேயே யாரையாவது நியமித்திருந்தால் அதுதான் முதலில் செல்லும். இல்லாவிட்டால் உயில். அதுவும் இல்லாவிட்டால் நிறுவனத்தின் நிபந்தனைகள். உயிலில் எழுதியதைவிட, செயலியின் அமைப்புகளுக்குள் போய்த் தேர்ந்தெடுத்த ஒரு பெயருக்கு மதிப்பு அதிகம். எத்தனை பேருக்கு இது தெரியும்?

முறைப்படி விண்ணப்பமும் போட்டேன். இறப்புச் சான்றிதழ், அம்மாவின் அடையாள அட்டை, நாங்கள்தான் வாரிசுகள் என்பதற்கான ஆவணம், ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு அத்தாட்சி. நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. கணக்கை மூட முடியும், உள்ளே இருப்பதைத் தர முடியாது, மூடட்டுமா என்று கேட்டிருந்தார்கள். நான் பதில் எழுதவில்லை.

அதற்குள் வேறு வழியில் சிம்முக்கு அலைந்துகொண்டிருந்தோம். நிறுத்திய எண்ணை உடனே வேறு யாருக்கும் கொடுத்துவிட மாட்டார்கள், கொஞ்ச காலம் சும்மா வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் குறைந்தது 45 நாளாவது வைத்திருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்தக் காலம் கடந்தால் எண் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகும், அப்பாவுக்கு வரும் ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும். ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணை அம்மா பெயருக்கு மாற்ற நான், தம்பி இரண்டு பேரும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தோம். ஒரு முறை கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பினார்கள். ஒரு முறை படிவம் பழைய படிவம் என்றார்கள். நிறுத்தப் பத்து நிமிடம், திரும்ப வாங்க ஐந்து வாரம். எண் யாருக்கும் போகாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

புது சிம்மை அம்மாவின் பழைய ஃபோனில் போட்டுக் காத்திருந்தோம். ஆறு இலக்கம் வந்தது. உள்ளிட்டேன். மின்னஞ்சல் திறந்தது. தம்பி திரும்பி நின்று அழுதான்.

இன்னொருவரின் கணக்குக்குள் அவருடைய கடவுச்சொல்லை வைத்து நுழைவது அந்த நிறுவனத்தின் நிபந்தனைப்படி தவறாக இருக்கலாம். தெரிந்தேதான் செய்தோம். முறையான கதவைத் தட்டிவிட்டு, அது திறக்காததால் இப்படி நுழைந்தோம். இதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் ஒரு குடும்பத்தை இந்த இடத்துக்குத் தள்ளும் ஏற்பாடு சரியில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிபந்தனையை மீறியவர்களுக்கு ஒரே நாளில் கிடைத்தது, மதித்தவர்களுக்கு நாலு மாதத்திலும் கிடைக்கவில்லை.

உள்ளே போனதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் தரவிறக்கி இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினோம். அதன் பிறகுதான் எதையும் தொட்டோம். இந்த வரிசையை மட்டும் தயவுசெய்து மாற்றாதீர்கள். முதலில் சிம்மை உயிரோடு வைத்திருங்கள், பிறகு பிரதி எடுங்கள், பிறகு சந்தாக்களை நிறுத்துங்கள், கார்டையும் எண்ணையும் கடைசியில் மூடுங்கள். வங்கிக்குச் சொல்வதைத் தள்ளிப்போட முடியாது என்றால், எந்தச் சந்தாவுக்கு எந்த கார்டிலிருந்து பணம் போகிறது என்று பழைய வங்கி அறிக்கையைப் பார்த்து முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

சந்தாக்கள் ஏழு இருந்தன. அதில் இரண்டை அப்பா எப்போது ஆரம்பித்தார் என்றே தெரியவில்லை. ஒன்று இலவசச் சோதனைக் காலமாகத் தொடங்கி, மூன்று வருடமாகப் பணம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு செயலி. அதை அவர் முதல் வாரத்துக்குப் பிறகு திறந்ததே இல்லை. நிறுத்தப் போனால், ஏன் போகிறீர்கள் என்று காரணம் கேட்டார்கள். கொடுத்திருந்த காரணங்களில் எங்கள் காரணம் இல்லை. "மற்றவை" என்று தேர்ந்தெடுத்தேன். மறுநாள் அப்பாவின் பெயர் சொல்லி மின்னஞ்சல் வந்தது: நீங்கள் இல்லாமல் எங்களுக்கு வெறுமையாக இருக்கிறது, திரும்பி வாருங்கள், முதல் மாதம் பாதி விலை. அம்மா பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன்.

வாட்ஸ்அப் பற்றியும் ஒரு வார்த்தை. பொதுவாக 120 நாள் பயன்படுத்தாமல் இருந்தால் கணக்கு நீங்கிவிடும். இறந்தவர் குழுக்களில் இருந்தும் போய்விடுவார். எங்கள் குடும்பக் குழுவில் அப்பா பெயர் இருப்பதை அம்மா தினமும் ஒரு முறை பார்ப்பார். சிம் கிடைத்ததும் அந்தப் பழைய ஃபோனில் கணக்கைப் பதிவு செய்தோம். எண் அம்மா பெயரில் இருக்கிறது, யாரும் அதிலிருந்து எதுவும் அனுப்புவதில்லை.

கடைசியாக ஒன்று, நான் எதிர்பார்க்காதது. எல்லாம் கையில் வந்த பிறகு, அப்பாவின் மின்னஞ்சல்கள் மொத்தமும் எங்கள் முன்னால் இருந்தன. இருபது வருடக் கடிதங்கள். யாருக்கு என்ன எழுதினார், யார் அவருக்கு என்ன எழுதினார்கள், எல்லாம். நிறுவனம் தர மறுத்தபோது சொன்ன காரணம் அந்தரங்கம். அதை அப்போது சாக்கு என்று நினைத்திருந்தேன். பெட்டி திறந்து கிடக்கும்போதுதான் அது முழுக்கச் சாக்கு இல்லை என்று தெரிந்தது. எழுதியவர்கள் அப்பாவை நம்பி எழுதினார்கள், என்னை நம்பி எழுதவில்லை. படிக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "படமும் அந்த மோட்டார்க் குறிப்பும் போதும்" என்றார். பில்கள், ஆவணங்கள் இருந்தவற்றை மட்டும் தேடி எடுத்தோம். மற்றவற்றைத் திறக்கவில்லை. ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பூட்டி வைத்திருக்கிறோம்.

இத்தனையும் முன்கூட்டியே பத்து நிமிடத்தில் தீர்த்திருக்கக்கூடியது என்பதுதான் தாங்க முடியாதது. கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்ற ஏற்பாடு 2013 முதல் இருக்கிறது. கணக்கு எத்தனை மாதம் அசையாமல் இருந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும், எதையெதை அவரிடம் தர வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். 3 மாதம் முதல் 18 மாதம் வரை வைக்கலாம், 10 பேர் வரை சேர்க்கலாம். ஆப்பிள் 2021 டிசம்பரில் இதே போன்ற ஒன்றைக் கொண்டுவந்தது. நியமித்தவரிடம் ஒரு அணுகல் சாவி இருக்கும், அதோடு இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் போதும். சேமித்த கடவுச்சொற்கள் அதில் வராது. அதனால் ஃபோனின் பின் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதி, உறையில் ஒட்டி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். இந்த ஏற்பாடுகள் எல்லாம் அமைப்புகளுக்குள் நாலைந்து பக்கம் தாண்டித்தான் கிடைக்கின்றன. கணக்கு ஆரம்பிக்கும்போதே கேட்டிருந்தால் அப்பா ஒரு பெயரைப் போட்டிருப்பார். அவர் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவர்.

போன மாதம் அம்மாவின் கணக்கில் இதைச் செய்ய உட்கார்ந்தோம். என் பெயரும் தம்பி பெயரும் போடச் சொன்னார். எதையெதைத் தருவது என்ற பட்டியல் வந்தது. படங்கள், தொடர்புகள், மின்னஞ்சல்.

"இதெல்லாம் நீ பாப்பியா?"

"நீ வேண்டாம்னா டிக் பண்ண மாட்டேன்மா."

கொஞ்ச நேரம் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு நிமிஷம் இரு" என்று தன் ஃபோனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கால் மணி நேரம் கழித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப எல்லாத்தையும் டிக் பண்ணு."